ஓடாத காருக்கு எதற்கு ஆயில் மாற்ற வேண்டும்?

வாசகர் கேள்வி: "நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டை மகாராஜநகரில் வீடு. 2016-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவது, மார்க்கெட், கோயில், எப்போதாவது டவுன், இவ்வளவுதான் ஓட்டம். வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் தாண்டாது. கம்பெனி கொடுத்த புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று இருக்கிறது. கடைசியாக ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டது, ஓடியது 8,000தான். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பார்த்தால் லேசாகப் பழுப்பேறியிருக்கிறதே தவிர கறுக்கவில்லை. இன்னும் 2,000 ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன். தெருமுனை மெக்கானிக், என்ன ஆயிலாக இருந்தாலும் ஐயாயிரத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும் என்கிறார். என் மைத்துனர், ஃபுல் சிந்தெடிக் ஊற்றிவிட்டால் 20,000 வரை தொடவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இன்னொன்று. என் மகன் 2017 மாடல் டீசல் காரில் தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வருகிறான். அவன் வண்டியில் ஆயில் மாற்றிய வாரமே கறுத்துப்போகிறது. மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லிக் காசு வாங்கியிருப்பார்களோ?"

பதில்:

அண்ணாச்சி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். மீதி 2,000 கிலோமீட்டருக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். இனிமேல் உங்கள் வண்டிக்கு மீட்டரைப் பார்க்கவே வேண்டாம், காலண்டரைப் பார்த்தால் போதும். வருஷம் ஒருதரம் மாற்ற வேண்டும். ஓடியது மூவாயிரமோ நாலாயிரமோ, அது கணக்கில் வராது. இதிலும் ஒரு நிபந்தனை உண்டு, கீழே சொல்கிறேன். மகன் வண்டிக்கு நேர் எதிர்க் கணக்கு. அவர் காலண்டரை மறந்துவிட்டு மீட்டரை மட்டும் பார்த்தால் சரி. தெருமுனை மெக்கானிக்கும் ஏமாற்றவில்லை, மைத்துனரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு வண்டியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அது உங்கள் வண்டி இல்லை, அவ்வளவுதான்.

புத்தகத்தில் உள்ள வரியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பக்கத்திலேயே 'எது முதலில் வருகிறதோ அது' என்றும் இருக்கும், பாருங்கள். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் கிலோமீட்டரை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். ஓடினால்தானே தேயும் என்ற நினைப்பு. பிரேக் கட்டைக்கு அந்த நினைப்பு சரி. ஆயிலுக்குச் சரிப்படாது.

அதே புத்தகத்தில் இன்னும் சில பக்கம் தள்ளிப் போனால், கடுமையான சூழ்நிலையில் ஓட்டுகிறவர்களுக்கு என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். அந்த வகையில் வருகிற வண்டிகளுக்குப் பல கம்பெனிகள் இடைவெளியைப் பாதியாகக் குறைத்து 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று போட்டிருக்கும். கடுமை என்றதும், ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் திணறும் வண்டிதான் நம் கண்ணுக்குத் தெரியும். அதுவும் அந்தப் பட்டியலில் உண்டு. செம்மண் புழுதியில் ஓடும் வண்டியும் உண்டு. கூடவே, அநேகமாக எல்லாக் கம்பெனிப் புத்தகத்திலும், 'அடிக்கடி குறைந்த தூரம் ஓட்டுவது' என்று ஒரு வரி இருக்கும். அதாவது பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற வண்டி. கம்பெனிக்காரன் கணக்குப்படி, உங்கள் வீட்டில் வண்டியைக் கடுமையாக ஓட்டுகிறவர் மகன் இல்லை, நீங்கள்தான்.

இது ஏன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். நம்பக் கஷ்டமாக இருக்கும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது, கணக்குப் போட்டால் அவ்வளவு வரும். அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடுகிறது. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் நுனியில் சொட்டுச் சொட்டாக விழுமே, அது இந்தத் தண்ணீர்தான். மீதி கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, ஆயில் கிடக்கும் சம்புக்குள் போகும். அதோடு எரியாத பெட்ரோலும் கொஞ்சம் போகும். என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால், வண்டி அணையாமல் ஓடுவதற்காக வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தாராளமாக விடும். அந்தக் கூடுதல் பெட்ரோலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, ஆயிலோடு கலந்து இறங்கிவிடுகிறது.

ஆயில் நன்றாகச் சூடேறிவிட்டால் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. 90, 100 டிகிரியில் ஆயில் ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், பெட்ரோலிலும் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அந்த ஆவியை இழுத்துத் திரும்ப எரிக்க அனுப்புவதற்கென்றே என்ஜினில் ஒரு வால்வு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஆயில் அந்தச் சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். டெம்பரேச்சர் முள் ஐந்து நிமிஷத்திலேயே நடுவுக்கு வந்துவிடுகிறதே என்பீர்கள். அது காட்டுவது கூலன்ட்டின், அதாவது என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் தண்ணீரின் சூடு. ஆயில் அந்த அளவை எட்ட இன்னும் பத்து, பதினைந்து நிமிஷம் ஓட வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் மிஞ்சிப்போனால் மூன்று கிலோமீட்டர் இருக்குமா? ஆயில் வெதுவெதுப்பாகும்போதே வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுகிறீர்கள். சாயந்திரம் மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் பெட்ரோலும் உள்ளே சேருகின்றன. வெளியேற வழி கிடைப்பதில்லை.

நம் ஊர் வெயிலில் என்ஜின் எப்போதும் சூடாகத்தானே கிடக்கிறது என்று பலர் கேட்பார்கள். பாளையங்கோட்டையில் சித்திரை வெயில் 40 டிகிரி அடிக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலுக்கு வேண்டியது 90. ஊட்டிக்காரரைவிட நமக்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு நாள் நிற்கிற வண்டிக்கு அந்தச் சலுகையும் இல்லை.

உள்ளே சேர்ந்த தண்ணீர் சும்மா இருக்காது. எரிபொருள் எரிந்த கழிவோடு சேர்ந்து அமிலமாகும். நாம் வாங்குகிற என்ஜின் ஆயில் வெறும் எண்ணெய் இல்லை. தேய்மானத்தைத் தடுக்க, கசடு ஒரே இடத்தில் திரளாமல் பிரித்துவைக்க, அமிலத்தை முறிக்க என்று பல சேர்மானங்களைக் கலந்துதான் கேனில் அடைக்கிறார்கள். எண்ணெய் தீர்ந்துபோவதில்லை, இந்தச் சேர்மானங்கள்தான் தீர்ந்துபோகின்றன. அமிலத்தை முறிக்கும் சேர்மானம் தீர்ந்த ஆயிலும் குச்சியில் பார்க்க நல்ல ஆயில் மாதிரியே இருக்கும். அதனால் நிறத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கறுத்த ஆயில் எல்லாம் கெட்டதும் இல்லை, கறுக்காத ஆயில் எல்லாம் நல்லதும் இல்லை.

சேர்மானம் தீர்ந்தபின் தண்ணீரும் கரியும் ஆயிலும் கலந்து கூழ் மாதிரிக் கசடாகும். அது முதலில் போய் அடைப்பது ஆயில் பம்பு உறிஞ்சும் சல்லடையை. இந்தக் காலத்துச் சின்ன பெட்ரோல் என்ஜின்களில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பும் அப்படித்தான். ஆயில் வரத்து குறைந்தால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று செயின் சத்தம் கேட்கும். இரண்டு மூவாயிரம் ரூபாயில் முடிகிற வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டு என்ஜினைப் பிரிக்கும் நிலைக்கு வந்து நிற்கிற வண்டிகளில், கொஞ்சமாக ஓடிய வண்டிகள் நிறைய. 'நாப்பதாயிரம்கூட ஓடலையே' என்பார்கள். அதுதான் காரணமே.

குச்சியில் நிறத்தைவிடப் பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. ஆயில் அளவு மாதாமாதம் குறையாமல் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? இரண்டும் இருந்தால் பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது. அடுத்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிறிய பழுப்பில் பசை மாதிரி ஒட்டியிருந்தால் தண்ணீர் தங்குகிறது என்று அர்த்தம். மூடியில் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், ஆயிலை மாற்றி வண்டியைக் கொஞ்சம் தூரம் ஓட்டினால் சரியாகிவிடும். குச்சியிலேயே ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் கதை வேறு. என்ஜின் தலைப்பகுதியை அடைத்துப் பிடிக்கும் ஹெட் கேஸ்கட் போய்க் கூலன்ட் கலந்திருக்கலாம், அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

இப்போது அந்த நிபந்தனை. வருஷம் ஒருதரம் போதும் என்று நான் சொன்னது, வாரத்தில் ஒருநாளாவது வண்டிக்கு நீண்ட ஓட்டம் கொடுத்தால்தான். திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் தாண்டி ஸ்ரீவைகுண்டம் வரை போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, சிற்பங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள், அது போதும். இந்தப் பக்கம் சேரன்மகாதேவி என்றாலும் சரி. நிற்காமல் இருபத்தைந்து, முப்பது நிமிஷம் ஓட வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்த வாரம் சேர்ந்த தண்ணீரும் பெட்ரோலில் பெரும்பகுதியும் ஒரே ஓட்டத்தில் போய்விடும். வாரம் ஒருநாள் முடியாது, பள்ளிக்கூடம், மார்க்கெட் மட்டும்தான் என்றால் புத்தகத்தின் கடுமை அட்டவணைப்படியே ஆறு மாதத்துக்கு ஒருதரம் மாற்றிவிடுங்கள்.

இதை ஒட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாவட்டத்திலும் தென்காசிப் பக்கமும் பிள்ளைகள் துபாய், சவூதி என்று போயிருக்க, வண்டி வீட்டில் நிற்கும். அப்பா தினமும் காலையில் வண்டியை ஸ்டார்ட் போட்டு வாசலிலேயே பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பார். வண்டியை நன்றாகப் பராமரிப்பதாக அவருக்கு நினைப்பு. ஆயிலைக் கெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நின்ற இடத்தில் ஐட்லிங்கில் ஆயில் சரியாகச் சூடாகாது, தண்ணீரும் பெட்ரோலும் மட்டும் சேரும். மீட்டரிலும் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது. பதினைந்து நாளைக்கு ஒருதரம் வெளியே எடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். இல்லையென்றால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு அப்படியே நிறுத்திவையுங்கள். பள்ளிக்கூட வாசலில் ஏசி போட்டுக்கொண்டு காத்திருப்பதும் இதே வகைதான். ஒரு மணி நேர ஐட்லிங்கை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாக வைத்துக் கணக்குப் போடும் வண்டிக் கம்பெனியும் உண்டு. குற்றாலம் சீசனில் தென்காசியிலிருந்து அருவி வரைக்கும் ஊர்ந்து போகிற வண்டிகளுக்கு மீட்டர் காட்டுவது ஒன்று, என்ஜின் உழைத்தது இன்னொன்று.

மெக்கானிக் சொன்ன ஐயாயிரத்துக்கு வருவோம். அவர் தொழில் கற்றது கார்புரேட்டர் வண்டியில் என்றால் அந்தக் கணக்கு அன்றைக்குச் சரிதான். சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வோமே, அப்போது பெட்ரோல் ஆயிலில் கலந்தது இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு. ஆயிலும் சாதாரண மினரல் ஆயில். அதைவிடப் பெரிய விஷயம் எரிபொருளில் இருந்த கந்தகம். கந்தகம் எரிந்தால் அமிலம் வரும், ஆயிலின் சேர்மானத்தை அதுதான் தின்றுகொண்டிருந்தது. பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கு அரசு வைத்த விதி. பிஎஸ்-3 காலத்து டீசலில் பத்து லட்சத்துக்கு 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்று விதி. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பிஎஸ்-4-ல் அது 50. 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-6-ல் வெறும் 10. பெட்ரோலுக்கும் இதே 50-ம் 10-ம்தான். ஆயிலும் தேறிவிட்டது, எரிபொருளும் சுத்தமாகிவிட்டது. அதனால்தான் கம்பெனிகள் 10,000 என்று தைரியமாக எழுதுகின்றன. ஐயாயிரத்துக்கு மாற்றினால் என்ஜினுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, உங்கள் பர்சுக்குத்தான். அப்புறம் ஒரு வேடிக்கை பாருங்கள். வருஷம் 4,000 ஓட்டும் உங்களுக்கு அவர் சொல்கிற கணக்கின்படி பதினைந்து மாதத்துக்கு ஒருதரம்தான் மாற்ற வேண்டிவரும். கறாராகப் பேசுகிற மெக்கானிக்கின் கணக்கும் உங்கள் வண்டிக்குத் தாமதம்தான்.

மைத்துனர் சொல்கிற சிந்தெடிக், அதாவது ரசாயன முறையில் தயாரித்த ஆயில், நல்ல ஆயில்தான், ஊற்றுங்கள். சூட்டில் சீக்கிரம் கெட்டியாகாது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வு வரை வேகமாக ஏறும். உங்கள் மாதிரி அடிக்கடி ஸ்டார்ட் செய்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது குணம் உண்மையிலேயே உபயோகம். ஐரோப்பியக் கம்பெனிகள் சில நம் நாட்டிலேயே 15,000 கிலோமீட்டர் இடைவெளி கொடுக்கின்றன. அங்கேயும் 'அல்லது ஒரு வருஷம்' என்ற வால் கூடவே வரும். தண்ணீரும் பெட்ரோலும் உள்ளே இறங்குவதை எந்த சிந்தெடிக்கும் தடுக்காது. 20,000 கிலோமீட்டர் என்றால் உங்கள் ஓட்டத்துக்கு ஐந்து வருஷம். ஐந்து வருஷம் ஒரே ஆயிலா? வேண்டவே வேண்டாம்.

எந்த ஆயில் என்பதில் புத்தகம் சொல்கிற கிரேடை, அதாவது ஆயில் எவ்வளவு திக் என்று காட்டும் எண்ணை, மீறாதீர்கள். 'நம்ம ஊர் வெயிலுக்குத் திக்கான ஆயில்தான் தாங்கும்' என்று 20டபிள்யூ-50 கேனை நீட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியே வெயில் எவ்வளவு அடித்தாலும் என்ஜினுக்குள் சூட்டை 90 டிகிரிப் பக்கமே நிறுத்திவைக்கத்தான் தெர்மோஸ்டாட் இருக்கிறது. 5டபிள்யூ-30 என்றால் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்றால் 0டபிள்யூ-20. என்ஜின் பாகங்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளை அந்த ஆயிலுக்குத் தகுந்த அளவில்தான் செய்திருக்கிறார்கள். புத்தகமே வெளி வெப்பத்தை வைத்து இரண்டு மூன்று கிரேடுக்கு அனுமதி கொடுத்திருந்தால் அதற்குள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, மகன் வண்டி. யாரும் ஏமாற்றவில்லை. டீசல் எரியும்போது பொடிப்பொடியாகக் கரி வரும். அதில் கொஞ்சம் ஆயிலுக்குள் இறங்கத்தான் செய்யும். அந்தக் கரி ஒட்டாமல், படியாமல் தன்னோடு மிதக்கவைப்பதுதான் ஆயிலின் வேலை. அழுக்குத் துணியை ஊறவைத்த சோப்புத் தண்ணீர் கறுத்தால் சோப்பைக் குறை சொல்வோமா? போதாததற்கு, எவ்வளவுதான் வடித்தாலும் பழைய ஆயில் கொஞ்சம் என்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும், அது புது ஆயிலைச் சேர்ந்த உடனேயே கறுப்பாக்கும். நாகர்கோவில் போக வர 160 கிலோமீட்டர் என்றால் ஒரு வாரத்தில் ஏறக்குறைய 1,000. ஆயிரத்துக்குள் கறுக்காத டீசல் என்ஜின் இருந்தால்தான் ஆச்சரியம். சந்தேகம் தீர வேண்டுமானால் அடுத்த முறை பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சீல் உடைக்காத கேனைக் கண்முன்னால் திறக்க வேண்டும், கழற்றிய பழைய ஃபில்டரைக் காட்ட வேண்டும். காலிக் கேனைக் கையோடு வாங்கி ஓட்டை போட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது. நல்ல பிராண்டின் காலிக் கேன்தான் டூப்ளிகேட் ஆயில்காரனுக்கு மூலதனம்.

உங்கள் மகனின் ஓட்டம் ஆயிலுக்கு ரொம்ப நல்ல ஓட்டம். காலையில் ஒரு ஸ்டார்ட். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு என்று நான்குவழிச் சாலையில் ஒரே சீரான வேகம். ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் ஆயிலில் இருக்கிற தண்ணீர் எல்லாம் ஆவியாகியிருக்கும். அதனால் புத்தகம் சொல்லும் 10,000 அவருக்குத் தாராளமாகப் பொருந்தும். மாதம் 4,000 ஓடுகிறது என்றால் இரண்டரை மாதத்துக்கு ஒருதரம் வரும். 'நல்ல ஓட்டம்தானே' என்று அதற்கு மேல் இழுக்கவும் வேண்டாம். டர்போ இருக்கும் வண்டி. டர்போவின் அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதற்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது இந்த ஆயில் மட்டும்தான். வேகமாக வந்து நிறுத்தும்போது ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு அணைக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருதரம் காலையில் சமதரையில் குச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு ஓடுகிற டீசல் வண்டி ஆயிலைக் கொஞ்சம் குடிக்கும். குச்சியில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே பல வண்டிகளில் ஏறக்குறைய ஒரு லிட்டர் வித்தியாசம். 10,000 வரைக்கும் பார்க்காமலே ஓட்டுவதுதான், தாமதமாக மாற்றுவதைவிட மோசம்.

பின்னால் அவர் பிஎஸ்-6 டீசல் வண்டி வாங்கினால் ஒரு விஷயம் மாறும். அதில் சைலன்சர் வழியில் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு. அதை எரித்துச் சுத்தம் செய்ய என்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசலை விடும், அதில் கொஞ்சம் ஆயிலில் கலந்து அளவு ஏறும். ஆயிலும் சாம்பல் குறைவாக வருகிற தனி ரகமாக இருக்க வேண்டும், சாதாரண டீசல் ஆயிலை ஊற்றினால் அந்த விலை கூடின ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். நெடுந்தூரம் ஓட்டும் அவருக்கு அந்த வண்டி சரி. உங்கள் பள்ளிக்கூட ஓட்டத்துக்கு யாராவது டீசல் வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

மகன் போகிற பாதையில் ஆனி, ஆடியில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். பணகுடி, இராதாபுரம் பக்கம் காற்றாலைகள் சும்மா வந்து நிற்கவில்லை. அந்தக் காற்றில் வருகிற மண் ஏர் ஃபில்டரைத் தாண்டினால் ஆயிலில் கலந்து அரம் போட்டுவிடும். திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி மணலில் ஓடுகிற வண்டிகளுக்கும், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் தேடி மண்ரோட்டில் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஆயிலை அடிக்கடி மாற்றுவதைவிட ஏர் ஃபில்டரைச் சரியாகப் பார்ப்பது இங்கே முக்கியம். காற்றுக் காலம் முடிந்ததும் கழற்றிப் பார்த்து, மண் ஏறியிருந்தால் புதிது போடச் சொல்லுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கேட்கப்பட்ட கேள்வி ஒன்றையும் இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் ஆயில் சம்பந்தப்பட்டதுதான். தாமிரபரணி ஊருக்குள் வந்த அந்த இரண்டு நாளில் முங்கிய வண்டிகளில், தண்ணீரால் மட்டும் இல்லை, ஸ்டார்ட் செய்து பார்த்ததாலும் கெட்டவை உண்டு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், முதலில் சம்பு நட்டைத் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில்தான் நிற்கும். நட்டைத் திறந்ததும் முதலில் தண்ணீர் வந்தால் உள்ளே புகுந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் வண்டிக்கு இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டிலிருந்து நேராகப் பக்கத்துக் கடைக்குப் போகாமல், ஒரு இருபது நிமிஷம் ஓட்டிவிட்டுப் போங்கள். சூடான ஆயில்தான் கசடையும் சேர்த்துக்கொண்டு முழுசாக வடியும். ஃபில்டரையும் கட்டாயம் மாற்ற வேண்டும், 'போன தடவை போட்டதே நல்லாருக்கு' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதற்குள் பழைய ஆயில் கால் லிட்டர் அளவுக்கு இருக்கும். சம்பு நட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள். ஊற்றும்போது மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே என்பது தப்பு, பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் தண்டு சுற்றும்போது ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும்.

இரண்டு வருஷ ஆயில் என்றதும் 'என்ஜின் ஃப்ளஷ் போட்டுரலாம் சார்' என்று ஒரு டப்பாவை எடுப்பார்கள். வேண்டாம். உள்ளே கசடு இருந்தால் அது மொத்தமாகப் பெயர்ந்து சல்லடையில் போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பதிலாக இப்போது மாற்றுவதை ஆறு மாதத்தில் இன்னொருதரம் மாற்றுங்கள். புது ஆயிலே கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுவந்துவிடும். அதற்கப்புறம் வருஷக் கணக்குக்கு வந்துவிடலாம். ஆயில் வடிக்கும்போது மூடியின் அடிப்பக்கத்தையும், மூடி திறந்த வாயில் தெரிகிற உள்பக்கத்தையும் டார்ச் அடித்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். உள்ளே உலோகம் பளிச்சென்று தேன் நிறத்தில் தெரிந்தால் இதோடு விட்டுவிடலாம். கறுப்பாகத் தார் மாதிரி படிந்திருந்தால் சம்பைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்க வேண்டியிருக்கும், அதைப் பற்றி அப்போது பேசுவோம்.